காவலுக்கு நின்றவர்கள்

கி.பி. 193, மார்ச் 28. ரோம் நகரில் பிரீட்டோரியன் காவல் படையின் முகாம் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார் டிடியஸ் ஜூலியானஸ் என்ற பெரும் பணக்காரர். தாங்கள் காக்க வேண்டிய பேரரசர் பெர்டினாக்ஸை அந்தப் படைவீரர்கள் அன்றுதான் கொன்றிருந்தார்கள். முகாமுக்குள் நின்று அரியணைக்கு விலை பேசுகிறவர், செத்தவரின் மாமனார் சல்பிசியானஸ். ஏலம் ஆளுக்கு 20,000 செஸ்டர்ஸ் காசு வரை போகிறது. ஜூலியானஸ் ஒரேயடியாக இன்னும் 5,000 ஏற்றுகிறார். கத்தியது போதாதென்று விரல்களாலும் தொகையைக் காட்டுகிறார். பேரம் முடிந்தது. ரோமப் பேரரசு அவருக்கு. 66 நாள் ஆண்டார். அவரைக் கொன்றவனும் ஒரு படைவீரன்தான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வேலிக்கு அந்தப் பசியைப் பழக்கியது யார் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இந்தப் படையை அமைத்த அகஸ்டஸ் எச்சரிக்கையான மனிதர். படையை முழுவதும் ரோமில் வைக்கவில்லை. பெரும்பகுதியைச் சுற்றியிருந்த ஊர்களில் பிரித்து வைத்தார். கி.மு. 2இல் தளபதி பதவியை உருவாக்கியபோதும் ஒருவரிடம் கொடுக்காமல் இருவரிடம் கொடுத்தார். அடுத்து வந்த டைபீரியஸ் காலத்தில் செஜானஸ் தனியாளாகத் தளபதியாகி, கி.பி. 23 வாக்கில் எல்லாரையும் ரோமின் விளிம்பில் ஒரே முகாமில் சேர்த்தார். 31இல் செஜானஸின் உயிர் போயிற்று. முகாம் மட்டும் போகவில்லை.

41இல் பேரரசர் கலிகுலாவைக் குத்தியவர், கலிகுலா ஓயாமல் கேலி செய்து அவமானப்படுத்திய காவல் படை அதிகாரி காஸியஸ் கேரியா. அந்தக் களேபரத்தில் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸின் கால்களை ஒரு வீரன் பார்த்துவிட்டான். முகாமுக்குத் தூக்கிப் போய்ப் பேரரசராக்கினார்கள். கிளாடியஸ் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக வாக்களித்தார். அன்று அது நன்றிக்கடன். பிறகு வந்தவர்களுக்கோ கட்டியே தீர வேண்டிய பாக்கி. வீரர்களை நான் விலைக்கு வாங்குவதில்லை என்று மறுத்த கிழப் பேரரசர் கால்பாவை 69 ஜனவரி 15 அன்று ரோமின் மன்றத்திலேயே வெட்டிச் சாய்த்தார்கள்.

அன்றும் ஒருவர் எதிர்த்து நின்றார். செம்ப்ரோனியஸ் டென்சஸ், நூற்றுவர் தலைவர். கால்பாவிடம் அவர் தனியாக எந்தச் சலுகையும் பெற்றதில்லை என்கிறார் புளூட்டார்க். வீரர்களை அடிக்க வைத்திருந்த திராட்சைக் கொடிப் பிரம்பை முதலில் ஓங்கி, விடுங்கள் என்று கத்தினார். அவர்கள் நெருங்கியதும் வாளை உருவினார். நெடுநேரம் போராடி விழுந்தார்.

டென்சஸை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது. ஆனால் நான் அதிகம் யோசிப்பது சுப்ரியஸ் ஃபிளேவஸைப் பற்றி. இதே படையின் அதிகாரி. 65இல் பேரரசர் நீரோவைக் கொல்லச் சதி செய்து பிடிபட்டவர். சத்தியப் பிரமாணத்தை ஏன் மறந்தாய் என்று நீரோ கேட்டபோது அவர் மழுப்பவில்லை. நீ அன்புக்குத் தகுதியாக இருந்தவரை என்னைவிட விசுவாசமான வீரன் உனக்கு இல்லை, தாயையும் மனைவியையும் கொன்ற பிறகு வெறுக்கத் தொடங்கினேன் என்ற பொருளில் முகத்துக்கு நேராகச் சொன்னார். அந்தச் சதியில் நீரோவை இதைவிடச் சுட்ட பேச்சு வேறில்லை என்று டாசிட்டஸ் எழுதுகிறார். தனக்கு வெட்டிய குழி ஆழமில்லாததைப் பார்த்து, இதைக்கூட ஒழுங்காகச் செய்யவில்லையே என்று கடிந்துகொண்டாராம் ஃபிளேவஸ்.

கொலைச் சதியை நான் மெச்சவில்லை. அவருடைய விசுவாசத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்பதுதான் என்னை உலுக்குகிறது. அரியணையை ஏலம் விட்ட வீரர்களுக்கு விலை மட்டுமே இருந்தது. கட்சியிலும் அலுவலகத்திலும் வீட்டிலும் நாம் விசுவாசம் கேட்கிறோம். எதன் பொருட்டு என்று கேட்டால் கோபப்படுகிறோம். கேள்வி கேட்பவரை ஒதுக்கிவிட்டு, கேட்காதவருக்குச் சலுகையைக் கூட்டுகிறோம். நீரோவிடம் ஃபிளேவஸ் தன் காரணத்தைச் சொன்னபோது காலம் கடந்திருந்தது. உங்களிடம் ஒருவர் அப்படிச் சொல்ல வரும்போது, தயவுசெய்து முழுவதும் கேளுங்கள்.