தகுதி, ஊழ், திருவுளச்சீட்டு

ஒருவருக்கு உரியதென்பதால் ஓர் இடம் அவருக்குக் கிடைக்கிறதா, கிடைத்துவிட்டதால் அது அவருக்கு உரியதாகத் தோன்றுகிறதா என்பது அறவியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அமெரிக்காவில் சேர்க்கை மிக அரிதாகிவிட்ட பல்கலைக்கழகங்களுக்கு வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும் போக்கு அவ்வினாவைக் கூர்மையாக்கியிருக்கிறது. 2023இல் ஹார்வர்டு கல்லூரிக்கு வந்த 56,937 விண்ணப்பங்களுள் ஏற்கப்பட்டவை 1,942; அதாவது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. எம்.ஐ.டி. எனப்படும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், வெளிநாட்டு விண்ணப்பதாரரை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், அவ்விகிதம் இரண்டை ஒட்டியே நிற்கிறது. கடலூர் மாவட்டத்து நெய்வேலி நகரியத்தைப் போன்ற ஓர் ஊரிலிருந்து அனுப்பப்படும் விண்ணப்பத்துக்கு வரும் மறுமொழியை, அது ஏற்பாயினும் மறுப்பாயினும், எவ்வாறு பொருள்கொள்வது என்பதை அவ்வூரைச் சூழ்ந்த சமய மரபுகளின் துணைகொண்டே ஆராய இடமுண்டு.

தமிழ்நாட்டு மாணவருக்குப் பழக்கமான சேர்க்கை முறை வேறு வகையானது. பொறியியல் கலந்தாய்வில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. தரவரிசைப் பட்டியல் வெளியாகிறது. இடம் தவறியவர் எவ்வளவில் தவறினார் என்பதை அறிந்துகொள்கிறார். வகுப்புவாரி உரிமை பற்றி ஒரு நூற்றாண்டாக வாதிட்டு வந்த சமூகத்தில், இட ஒதுக்கீட்டின் அளவும் அதன் காரணமும் சட்டமாகவே எழுதப்பட்டுள்ளன. அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களோ ‘முழுமை மதிப்பீடு’ என்னும் முறையைக் கையாளுகின்றன. மதிப்பெண்ணோடு கட்டுரைகள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதங்கள், பள்ளிக்கு வெளியே செய்தவை, வளர்ந்த சூழல் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது இம்முறை. முடிவுக்கான காரணம் விண்ணப்பித்தவருக்குச் சொல்லப்படுவதில்லை. காரணம் சொல்லப்படாத இடத்தை மனித மனம் வெறுமையாக விட்டுவைப்பதில்லை. வென்றவர் அங்கே தம் தகுதியை நிரப்பிக்கொள்கிறார்; தோற்றவர் தம் குறையையோ விதியையோ நிரப்பிக்கொள்கிறார்.

தகுதி என்பதையே முதலில் சோதிக்க வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ், 1971இல் வெளியான தம் நீதிக் கோட்பாட்டு நூலில், ஒருவருடைய இயற்கைத் திறனும் அவர் பிறந்த குடும்பமும் அறநோக்கில் தற்செயலானவை என்றும், முயல்வதற்கான மனவலிமைகூட நல்ல வளர்ப்பைச் சார்ந்தது என்றும் வாதிட்டார். இவ்வாதத்துக்கு நெய்வேலியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்துக் கிணற்றில் கருநிறப் பொருள் வெளிப்பட்டதும், 1956இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்ததும், பின்னர் வட்டம் வட்டமாகத் திட்டமிட்ட நகரியம் எழுந்ததும் எந்தக் குழந்தையின் முயற்சியாலும் நிகழ்ந்தவை அல்ல. நிறுவன ஊழியரின் பிள்ளைக்குத் தடையில்லா மின்சாரம், நல்ல பள்ளி, மருத்துவமனை, ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி ஆகியவை கிடைத்தன. அதே நிலக்கரிப் படலத்தின் மேல் வாழ நேர்ந்த உழவர் குடும்பத்துப் பிள்ளைக்கோ மாற்றுக் குடியிருப்பும், நிரந்தர வேலை கேட்டுப் பல பத்தாண்டுகளாக நடக்கும் போராட்டமுமே கிடைத்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் நிறுவனத்தின் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறக்கப்பட்டதை நாடே பார்த்தது. இவ்விரு பிள்ளைகளும் ஒரே படிவத்தை நிரப்பினாலும் இருவர் ‘தகுதி’யையும் ஒரே அளவுகோல் அளக்கிறது என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

தகுதி இவ்வாறு தளர்ந்தவுடன் தமிழ் மரபில் எழும் அடுத்த சொல் ஊழ். மணிமேகலையில் பல சமயத்தாரோடு தோன்றும் ஆசீவகர், ‘நியதி’ என்னும் முன்னரே அமைந்த ஒழுங்கின்படியே எல்லாம் நிகழ்கின்றன, முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று கொண்டவர்கள். திருக்குறள் இதனோடு முற்றும் உடன்படவில்லை. அறத்துப்பாலில் ஊழின் வலிமையை ஓர் அதிகாரமாகப் பேசிய அந்நூல், பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும், அதாவது இடைவிடாத முயற்சிக்கும், ஓர் அதிகாரம் ஒதுக்கியது. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு வாசகரைத் தனியே விட்டுவிடுவதுதான் வள்ளுவரின் நேர்மை எனலாம். சைவ சித்தாந்தம் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறது: முற்பிறவிகளில் ஈட்டிக் குவித்த சஞ்சிதம், இப்பிறவியில் நுகரவேண்டிய பிராரத்தம், நுகரும்போதே புதிதாக ஈட்டும் ஆகாமியம் என வினை மூவகைப்படும். வினை அறிவற்ற சடப்பொருள் ஆதலின், அது தானே சென்று உரியவரைப் பற்றாது. முற்றறிவு உடைய இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்பது இக்கொள்கையின் அடித்தளம்.

இவ்விடத்தில் ஒரு பிழை எளிதாக நுழைந்துவிடுகிறது. வினைப்பயனைக் கூட்டுவிப்பவன் எல்லாம் அறிந்தவன் என்பதாலேயே அம்முடிவை நீதி என்று சைவர் ஏற்றனர். ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சில மாதங்களில் படித்து முடிக்கவேண்டிய சேர்க்கைக் குழுவுக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே, அதன் மறுப்பை ‘என் தலையெழுத்து’ என்று ஏற்பது பணிவுபோலத் தோன்றினாலும், ஒரு மனித நிறுவனத்துக்கு இறைவனின் இருக்கையை விட்டுக்கொடுப்பதே ஆகும். விண்ணப்பதாரர் ஊழ் என்று எண்ணுவதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் கூட்டத்தில் அமர்ந்து எடுத்த முடிவு. வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்கிறாரா என்பதைக் கருதாமலேயே சேர்க்கும் கல்லூரிகள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆமர்ஸ்ட் முதலாக விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பிறவற்றில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கும். ஹார்வர்டுக்கு எதிராக 2014இல் தொடுக்கப்பட்டு, 2023இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கில் வெளிவந்த தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், சேர்க்கப்பட்ட வெள்ளையின மாணவருள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல் விளையாட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், முன்னாள் மாணவரின் பிள்ளைகள், நன்கொடை முதலிய தொடர்பால் தனிப்பட்டியலில் இருந்தோர், பணியாளரின் பிள்ளைகள் ஆகிய பிரிவினர் என்று காட்டினர். நெய்வேலியில் பிறந்தவருக்கு இவற்றுள் பெரும்பாலானவை பிறப்பிலேயே அடைபட்ட வழிகள். அவற்றை அடைத்தது வினையன்று.

தகுதிக்கும் ஊழுக்கும் அப்பால் அருள் என்னும் மூன்றாம் கருத்தும் இவ்வட்டாரத்துக்கு உரியதே. சைவ சித்தாந்த ஆசிரியர்களுள் மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும், உமாபதி சிவாசாரியார் மடம் கொண்டிருந்த சிதம்பரத்துக் கொற்றவன்குடியும் நெய்வேலிக்குத் தொலைவில் இல்லை. உமாபதியாரின் மடத்துக்கு விறகு சுமந்து வந்த, சாதியால் தாழ்த்தப்பட்ட பெற்றான் சாம்பானுக்கு முத்தி அளிக்குமாறு தில்லைக் கூத்தனே ஓலை எழுதி அனுப்பினான் என்பது மரபுக் கதை. உலகின் சேர்க்கை வரலாற்றில் இதைவிட வலிமையான பரிந்துரைக் கடிதம் இருந்திருக்க முடியாது. அவ்வளவோடு நில்லாமல், ஐயுற்றோர் காணுமாறு உமாபதியார் ஒரு முள்ளிச் செடிக்கும் முத்தி அளித்தார் என்று கதை நீள்கிறது. உயிரின் பக்குவம் நோக்கி அருள் பதிவதைச் சித்தாந்தம் சத்திநிபாதம் என்னும். அப்பக்குவத்தைப் பிறர் கண்ணால் அளக்க இயலாது என்பதையே செடியின் கதை உணர்த்துகிறது. நெய்வேலி நடராசர் கோயிலில் வழிபடுவோர் தம் குறையை எழுதி மனுநீதி முறைப்பெட்டியில் இட்டு, ஆராய்ச்சி மணியை அடிக்கும் வழக்கமும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது: அங்கே மனு நிறைவேறாதவர் தகுதியற்றவர் என்று எவரும் முடிவு கட்டுவதில்லை.

சேர்க்கைக் குழுவால் அருளவும் இயலாது, முற்ற அறியவும் இயலாது என்றால் அதற்கு எஞ்சுவது என்ன? ஹார்வர்டிலேயே கற்பிக்கும் மைக்கேல் சாண்டல், 2020இல் வெளிவந்த தம் நூலில், படிக்கத் தகுதியற்றவரை மட்டும் விலக்கிவிட்டு, எஞ்சிய பல்லாயிரவரிடையே சீட்டுக் குலுக்கலாம் என்றார். வென்றவரின் செருக்கையும் தோற்றவரின் தாழ்வுணர்வையும் அது குறைக்கும் என்பது அவர் கருத்து. தமிழருக்கு இது புதிதன்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபை நிலம், வீடு, அகவை, கல்வி ஆகியவற்றால் தகுதி வரையறுத்து, அத்தகுதி உடையோரின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தது. அது பிராமண ஊர் ஆதலின் அதன் தகுதிவரம்பு மிகக் குறுகியது. குடவோலை எனப்படும் இம்முறையைப் புகழ்வோர் பலர் இதை விட்டுவிடுகின்றனர். வரம்பை வகுப்பதில் அநீதி இருந்தால் குலுக்கல் அதைக் கழுவாது. இன்றைய பொறியியல் கலந்தாய்விலும், மதிப்பெண்களும் பிறந்த தேதியும் ஒத்துப்போனவர்களிடையே ரேண்டம் எண்தான் முடிவு செய்கிறது. அதனால் எவருக்கும் இழிவு நேர்ந்ததாகத் தெரியவில்லை.

நெய்வேலியை அடுத்த வடலூரில் பசித்தோர்க்கு உணவளிக்க 1867இல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலைக்குப் பசியைத் தவிர வேறு தகுதி கேட்கும் வழக்கம் இல்லை. சோற்றைப் பெருக்கலாம், கல்லூரி இடத்தைப் பெருக்க முடியாது என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அம்மறுப்பு ஓரளவே செல்லும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் குறைவாக இருந்த ஹார்வர்டு விண்ணப்பங்கள் 2023க்குள் மும்மடங்கு ஆகிவிட்டன, பல்கலைக்கழகத்தின் வைப்புநிதி ஐயாயிரம் கோடி டாலரைக் கடந்துவிட்டது, ஆனால் முதலாண்டு மாணவர் தொகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அருமை இங்கே இயற்கையால் வந்ததன்று, காக்கப்பட்டு வருவது. இதே கேள்வியை நெய்வேலி நிறுவனத்தின் வாயிலிலும் கேட்கலாம். 2022இல் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளர்களை ‘கேட்’ எனப்படும் அகில இந்தியப் பொறியியல் தேர்வின் மதிப்பெண் கொண்டு அது தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டினர்க்கு இடமே இல்லாமற்போகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. மதிப்பெண் பட்டியலைக் காட்டி நிறுவனம் தன் முறையை விளக்கலாம். எத்தனை பணியிடங்கள், அவற்றுள் நிலம் கொடுத்தவர்க்கு எத்தனை என்பதை அப்பட்டியல் முடிவுசெய்யவில்லை.