தோற்கிற பக்கத்து ஆள்

2024 செப்டம்பர் கடைசியில் சிகாகோவின் தெற்குப் பகுதியில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணி அந்த சீசனில் அதுவரை 120 ஆட்டம் தோற்றிருந்தது. 1900-க்குப் பிறகு எந்த மேஜர் லீக் அணியும் ஒரே சீசனில் அதற்கு மேல் தோற்றதில்லை. 1962-இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120-தான் அதுவரைக்கும் உச்சம். இன்னும் ஒன்று தோற்றால் சரித்திரம். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏஞ்சல்ஸ் அணியுடன் ஆட்டம், நானும் போயிருந்தேன். அந்த வருஷத்து நிலவரத்துக்குக் கூட்டம் பரவாயில்லை. பலர் வந்ததே அந்த ஒரு தோல்வியைக் கண்ணால் பார்க்கத்தான்.

எட்டாவது இன்னிங்ஸ் வரை 2-0 என்று பின்தங்கிக் கிடந்தவர்கள், திடீரென்று மூன்று ரன் எடுத்து ஜெயித்துத் தொலைத்தார்கள். கைதட்டுவதா உச்சுக் கொட்டுவதா என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நடுநடுவே “அணியை வித்துட்டுப் போ” என்று உரிமையாளரை நோக்கிக் கோஷம். மறுநாளும் ஜெயித்தார்கள், அதற்கடுத்த நாளும். கடைசியில் 121-ஆவது தோல்வி வெள்ளிக்கிழமை டெட்ராய்டில், அடுத்தவர் வீட்டில் நடந்தது. அந்த வெற்றியோடு டெட்ராய்ட் டைகர்ஸ் பத்து வருஷத்துக்குப் பிறகு பிளேஆஃபுக்குள் நுழைந்ததால், எங்கள் சரித்திரம் அவர்களுடைய கொண்டாட்டச் சத்தத்தில் அமுங்கிப்போனது. எங்களுக்கென்று ஒரு துக்கம்கூட உருப்படியாக அமையவில்லை.

சொந்த அணி தோற்க வேண்டும் என்று சொந்த ரசிகனே ஏன் விரும்பினான்? வன்மம் என்று வெளியாட்கள் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் கூடவே வந்தவனுக்கு, வந்ததற்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. 119 தோற்றவனை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். 121 என்றால் நாற்பது வருஷம் கழித்தும் “அந்த சீசன் முழுக்கப் பார்த்தவன் நான்” என்று சொல்லிக்கொள்ளலாம்.

பேஸ்பாலின் தோல்வி கிரிக்கெட் ரசிகனுக்குச் சட்டென்று பிடிபடாது. ஐபிஎல்லில் ஓர் அணிக்கு லீக் ஆட்டங்கள் 14. மோசமான சீசன் என்றாலும் இரண்டு மாதத்தில் கதை முடிந்துவிடும். இங்கே 162. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். மிகச் சிறந்த அணிகூட அறுபது எழுபது தோற்கும். படுமோசமான அணிகூட ஐம்பது அறுபது ஜெயித்துவிடும். அப்படிப்பட்ட ஆட்டத்தில் 41 வெற்றி, 121 தோல்வி என்று முடிக்க ஒரு தனித் திறமை வேண்டும். சீசனை 3 வெற்றி, 22 தோல்வி என்று தொடங்கினார்கள். ஜூலை, ஆகஸ்டில் தொடர்ந்து 21 ஆட்டம் தோற்றார்கள். அது முடிந்த இரண்டாம் நாளே மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலை வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பியும் ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

என் மகள் அந்தக் கோடையில் ஒருநாள் கேட்டாள்: “ஏம்ப்பா, தோத்துருவாங்கன்னு தெரிஞ்சும் எதுக்கு முழுசா உக்காந்து பாக்குற?”

“நாலுல ஒண்ணு ஜெயிக்கிறாங்கம்மா.”

“அப்ப அந்த நாலாவத மட்டும் பாரு.”

பதில் சொல்ல முடியாத கேள்வியைவிடப் பதில் சொல்ல முடியாத யோசனை மோசம். எது அந்த நாலாவது என்று காலையிலேயே தெரிந்துவிட்டால் டிக்கெட் விற்பவனுக்கும் வேலையில்லை, எனக்கும் இல்லை.

தோற்கிற அணியைப் பார்ப்பவனுக்குக் கண் வேறு மாதிரி பழகிவிடுகிறது. ஸ்கோர் பலகையிலிருந்து கீழே இறங்கி, அன்றைக்கு எறிகிற பிட்சரின் கையில் வந்து நிற்கிறது. அந்த வருஷம் எங்களுக்கு வாய்த்தவர் கேரட் குரோஷே. ஆறரை அடி உயரம், இடது கை. அதுவரை ரிலீஃபில் வந்து ஓர் இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் எறிந்தவர், அந்த வருஷம்தான் முதன்முறையாக, ஆட்டத்தைத் தொடங்கி எறிகிற ஸ்டார்ட்டர் ஆனார். கால் அரங்கம்கூட நிறையாத நாளில் அவருடைய பந்து கேட்சரின் கையுறையில் விழுகிற சத்தம் மேல்தளம் வரை கேட்கும். நான் பென்சிலும் ஸ்கோர் அட்டையுமாக உட்காரும் பழைய காலத்து ஆள். ஸ்ட்ரைக்அவுட் என்றால் கட்டத்தில் ‘கே’ என்ற எழுத்து. மட்டையை வீசாமல், பந்து போவதைப் பார்த்துக்கொண்டே அவுட் ஆனால் அதே எழுத்தைக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட வேண்டும். குரோஷே எறிகிற நாளில் என் அட்டையில் நேர் எழுத்தும் திருப்பிய எழுத்துமாக வரிசை கட்டி நிற்கும். அந்த சீசனில் 146 இன்னிங்ஸில் 209 பேரை அப்படி அனுப்பினார். தோளைப் பத்திரப்படுத்தவேண்டும் என்று ஜூலையிலிருந்து நான்கு இன்னிங்ஸுக்கு மேல் அவரை எறிய விடவில்லை. அவர் போனதும் மற்றவர்கள் வந்து தோற்பார்கள். நான் நான்காவது இன்னிங்ஸ் முடிந்ததும் சுட்ட சோளத்தை உதிர்த்து வெண்ணெயும் மிளகாய்த்தூளும் போட்டுத் தருகிற வரிசையில் போய் நின்றுகொள்வேன். சோளம் மட்டும் அந்த மைதானத்தில் தோற்றதே இல்லை.

டிசம்பரில் குரோஷேயை பாஸ்டன் அணிக்குக் கொடுத்துவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கிக்கொண்டார்கள். வியாபாரமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அவர் இங்கே இருந்து என்ன செய்யப்போகிறார்? ஆனால் அன்றைக்குத்தான், நான் பிடித்துக்கொண்டிருப்பது எதை என்ற கேள்வி உறைத்தது. ஆட்டக்காரர்கள் வருவார்கள் போவார்கள். மேனேஜரும் அப்படித்தான். மைதானம் இல்லினாய் மாநில அரசு அமைப்புக்குச் சொந்தம். அதன் பெயர் ஓர் அடமானக் கடன் நிறுவனம் விலைக்கு வாங்கியது. மிச்சம் இருப்பவர் ஒரே ஆள்: 1981-இல் ஒரு கூட்டாளிக் குழுவோடு அணியை வாங்கி, இன்றைக்கும் கையில் வைத்திருக்கும் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். மாறாமல் இருப்பவர் மீதுதான் விசுவாசம் என்றால் நான் அவருடைய ரசிகன் ஆகிறேன். நினைக்கவே கசக்கிறது.

1988-இல் புது மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை ஃப்ளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவோம் என்றார்கள். ஜூன் 30 நள்ளிரவுக்குள் சட்டமன்றம் முடிவெடுக்க வேண்டும். நேரம் போதவில்லை. மன்றத்துக் கடிகாரத்தையே நிறுத்தி வைத்துவிட்டு மசோதாவை நிறைவேற்றினார்கள். 1991-இல் பழைய காமிஸ்கி பார்க்குக்கு எதிரிலேயே புதியது திறந்தது. 1910-இலிருந்து நின்ற பழையது இப்போது கார் நிறுத்துமிடம். ஹோம் பிளேட் இருந்த இடத்தில் தரையில் ஒரு பளிங்குக் கல். எங்கள் அன்புக்காகக் கடிகாரம் நின்றது என்று அந்தக் காலத்தில் நெகிழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. இவர்கள் எங்கேயும் போகமாட்டார்கள், விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்று ரசிகனைப் பற்றி முதலாளிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். 2024-இல், அணி தோற்றுக்கொண்டிருந்த அதே வருஷம், பொதுப்பணத்தில் இன்னொரு மைதானம் கேட்டார்கள்.

‘வெற்றியிலும் தோல்வியிலும் கூடவே நிற்பவன்தான் உண்மையான ரசிகன்’ என்ற வாக்கியம் முதலாளிகளுக்கு மிகவும் பிடித்தது. பொறுமையை நாம் அளவுக்கு மீறிப் புகழ்கிறோம். பொறுத்தவன் வாயடைத்து நிற்பது அடுத்தவனுக்கு எவ்வளவு வசதி!

அப்படியானால் போகாமல் இருந்துவிடலாமா? பேஸ்பால் வரலாற்றில் அதற்கும் பதில் இருக்கிறது. 1899-இல் கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ் 20 வெற்றி, 134 தோல்வி என்று முடித்தது. 121-ஐயும் விழுங்கும் கணக்கு அது. காரணம் ஆட்டக்காரர்கள் அல்ல. உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் அங்கே மாற்றிவிட்டார்கள். கிளீவ்லாண்ட் ஜனங்கள் கோபித்துக்கொண்டு மைதானத்துக்குப் போவதை நிறுத்தினார்கள். வசூல் படுத்துவிட்டதால் எதிரணிகள் அங்கே வந்து ஆட மறுத்தன. ஸ்பைடர்ஸ் பெரும்பாலான ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடியது. சீசன் முடிந்ததும் லீக் அந்த அணியையே கலைத்துவிட்டது. முதலாளிகளுக்கு செயின்ட் லூயிஸ் மிச்சம் இருந்தது. கிளீவ்லாண்ட்காரனுக்கு?

சரி, போய்க் கத்தினால்? அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2023 ஜூன் 13-ஆம் தேதி ஓக்லாந்து ரசிகர்கள், வருஷம் முழுக்கக் காலியாகக் கிடந்த அரங்கத்தில் இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் கூடி, ‘விற்றுவிடு’ என்று எழுதிய பச்சைச் சட்டையோடு கத்தினார்கள். அன்றைக்கு அணி ஜெயிக்கவும் செய்தது. 2024-ஓடு அணி ஓக்லாந்தை விட்டுப் போய்விட்டது.

ஆக, நின்றால் முதலாளிக்கு லாபம், நகர்ந்தால் அணிக்குச் சாவு, கத்தினால் தொண்டைக்கு நஷ்டம். இதற்கு நடுவில் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு மூலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வருஷக்கணக்காக மைதானத்துப் பக்கம் போவதில்லை. தொப்பி, சட்டை எதுவும் வாங்குவதில்லை. ஆனால் ஆட்டம் உள்ள ஒவ்வொரு ராத்திரியும் வீட்டு முன் படிக்கட்டில் ரேடியோவோடு உட்கார்ந்திருப்பார். “இவனுக்கு நான் காலணா கொடுக்கிறதில்ல. கேக்க மட்டும் செய்றேன். காதுக்கு டிக்கெட் கிடையாதே” என்பது அவர் வாதம். நான் டிக்கெட் வாங்கிப் போய்க் கத்துகிற ரகம். அவர் என்னை ஏமாளி என்கிறார். நான் அவரைக் கஞ்சன் என்கிறேன். இரண்டு பேரும் விட்டுப் போகவில்லை, இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளவும் இல்லை. எனக்கு இதுதான் நேர்மையான நிலை என்று தோன்றுகிறது. வேலை, ஊர், குடும்பம், கட்சி எதுவானாலும், விட்டுவிட முடியாத ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டதாக நடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கூட இருக்கலாம். முணுமுணுப்பு நின்றுபோன வீட்டில்தான் யாரோ மனதளவில் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் முணுமுணுப்புக்குக் காவியம் எதுவும் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். நகரின் வடக்கே இருக்கும் கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு 2016 வரை காத்திருந்து பட்டம் வாங்கியது. அந்தக் காத்திருப்புக்கு ஆட்டுச் சாபம் என்று கதை கட்டி, உலகமே சேர்ந்து உருகியது. நாங்களும் 1917-க்குப் பிறகு 2005 வரை 88 வருஷம் காத்திருந்தவர்கள்தான். எங்களுக்குச் சாபக்கதை இல்லை. 1919-இல் எட்டு பேர் சூதாடிகளோடு சேர்ந்து உலகத் தொடரை விலைபேசிவிட்டதாக ஆயுள்தடை வாங்கிய கதைதான் இருந்தது. அதில் உருக என்ன இருக்கிறது? 2005-இல் பிளேஆஃப் முழுக்க ஒரே ஓர் ஆட்டம் மட்டும் தோற்று, ஹூஸ்டனை நான்குக்குப் பூஜ்யம் என்று வீழ்த்திக் கோப்பை வாங்கினோம். அதையும் நாடு மறந்துவிட்டது. தொலைக்காட்சியில் சிகாகோவின் பட்டங்களைப் பட்டியல் போடும்போது எங்களை விட்டுவிட்ட கூத்தெல்லாம் நடந்திருக்கிறது.

2025 மே மாதம் அந்தத் தொடர் எதிர்பாராத விதமாக நினைவுக்கு வந்தது. புதிய போப் பதினான்காம் லியோ சிகாகோக்காரர். முதலில் கப்ஸ் ரசிகர் என்று செய்தி பரவியது. அவருடைய அண்ணன் வந்து இல்லை, ஒயிட் சாக்ஸ் என்று திருத்தினார். 2005 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் இன்றைய போப் பதற்றமாக உட்கார்ந்திருந்த ஒளிபரப்புக் காட்சியும் கிடைத்தது. 140-ஆவது பகுதியில் அவர் உட்கார்ந்த இடத்தருகே இப்போது படம் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்குப் பிறகாவது மேலிடத்துச் சிபாரிசு வேலை செய்யும் என்று நாங்கள் ஜோக் அடித்தோம். அணி அந்த வருஷம் 102 தோற்றது. தொடர்ந்து மூன்றாவது வருஷமாக நூறைத் தாண்டிவிட்டது.

தோற்பதில் ஓர் ஆதாயமாவது உண்டு என்பார்கள்: அடுத்த டிராஃப்டில் முதல் வரிசையில் ஆள் எடுக்கலாம். 2025-இல் எங்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பெரிய சந்தை உள்ள அணிகள், முதல் இடங்களைக் குலுக்கிப் போடும் லாட்டரியில் அடுத்தடுத்த வருஷங்களில் இடம்பெறக்கூடாது என்று புது விதி. முந்தைய வருஷம் ஐந்தாவதாக எடுத்துவிட்டதால், 121 தோற்ற பிறகும் பத்தாவதாகத்தான் எடுக்க முடிந்தது. தோற்ற கூலியும் வந்து சேரவில்லை என்று பெரியவர் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே ஒரு வாரம் திட்டினார்.

அவரை இப்போது சற்று நிமிர வைத்திருப்பவன் கோல்சன் மான்ட்கோமரி. 2025 வசந்தத்தில் மட்டையடி சுத்தமாகப் போய், அரிசோனா பயிற்சி முகாமுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பையன். ஜூலையில் மேலே வந்தான். 71 ஆட்டத்தில் 21 ஹோம்ரன். பெரியவருக்கு ஒரே குறை, இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க அந்த உடம்பு தோதில்லை, மூன்றாவது பேஸுக்கு மாற்ற வேண்டும் என்பது. ஆறடி மூன்று அங்குலம் ஆள் குனிந்து பந்தை எடுப்பதற்குள் எதிரி ஓடிவிடுவான் என்கிறார். அந்தக் காலத்து ஷார்ட்ஸ்டாப் கால் ரிப்கன் ஆறடி நாலு, அவர் இருபது வருஷம் ஆடவில்லையா என்று நான் கேட்டேன். ரிப்கனையும் கடைசியில் மூன்றாவது பேஸுக்குத்தான் மாற்றினார்கள் என்கிறார். மாற்றினார்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் பதினாலு வருஷத்துக்கு மேல் ஷார்ட்ஸ்டாப்பில் நின்றாரே, அதை இந்த மனுஷன் கணக்கிலேயே எடுக்க மாட்டேன் என்கிறார்.