வேலியும் வெட்டவெளியும்

கள்ளுக்கடையே இல்லாத ஊரில் குடிக்காமல் இருப்பவனை உத்தமன் என்று கொண்டாடலாமா? இன்டர்நெட் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய காலத்தில் மேல்நாட்டு இளைஞர்கள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் கதையைப் படித்தபோது இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்தது.

1996-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'க்வேக்' என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் கம்ப்யூட்டருக்காக வெளிவந்தது. முன்பின் அறியாதவர்கள் டெலிபோன் கம்பி வழியே ஒருவரையொருவர் துரத்திச் சுட்டு விளையாடினார்கள். அந்தக் களத்தில் சமத்துவம் கிடையாது. பல்கலைக் கழகத்தின் வேகமான இணைப்பில் இருப்பவன் சுட்டுவிட்டுச் சிரிப்பான். வீட்டு டெலிபோனில் ஆடுகிறவனுக்கோ, தான் செத்த செய்தியே தாமதமாகத்தான் வந்து சேரும்! 1999 டிசம்பரில், ஆட்டத்தை ஆக்கியவர்களே அதன் மூல நிரலை உலகத்துக்குத் தானமாகக் கொடுத்தார்கள். சிலர் அதைச் செப்பனிட்டு வளர்த்தார்கள். குறி தப்பாமல் தானே சுடும்படி மாற்றிக்கொண்டு ஏமாற்றியவர்களும் உண்டு. வெட்டவெளியில் விளையாட வருகிறவனோடு திருடனும் வரத்தானே செய்வான்?

கன்ஸோல் வேறொரு தர்மத்தைப் பேசியது. 2002 நவம்பரில் மைக்ரோஸாப்ட் நிறுவனம் தன் 'எக்ஸ்பாக்ஸ்' கன்ஸோலுக்கென்று ஒரு வலைச் சேவையைத் தொடங்கியது. பணக்காரன் வீட்டிலும் அதே இயந்திரம். அடுத்த வீட்டிலும் அதே இயந்திரம். மெதுவான டெலிபோன் இணைப்புக்கு அங்கே இடமில்லை. ஆண்டுச் சந்தா சுமார் 50 டாலர். ஏமாற்றுகிறவனை நிறுவனமே வெளியே தள்ளும். வேலி போட்டால்தானே பயிர் பிழைக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலிக்கு ஒரு படல் உண்டு. அதைத் திறப்பதும் அடைப்பதும் யார் கையில்?

2010 ஏப்ரல் 15-ஆம் தேதி, பழைய எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்களுக்கான சேவை மூடப்பட்டது. பழையதற்கு இடம் கொடுத்துக்கொண்டு புதிய வசதிகளைச் செய்ய முடியவில்லை என்று நிறுவனம் காரணம் சொன்னது. இருக்கலாம். ஆனால் 'ஹேலோ 2' ஆடிக்கொண்டிருந்த ஒரு சிலர் இயந்திரத்தை அணைக்க மறுத்துவிட்டார்கள். அணைத்தால் மறுபடி உள்ளே நுழைய முடியாது. இரவும் பகலும் அது எரிந்துகொண்டே இருந்தது. இணைப்பு அறுந்து ஒவ்வொருவராக உதிர்ந்தார்கள். மே 11-ஆம் தேதி கடைசி மனிதரும் வெளியே விழுந்தார். அவர்கள் சந்தா கட்டியவர்கள்; குற்றம் எதுவும் செய்யாதவர்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் நாளில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்ட கிழவரைப் போல அவர்கள் என் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

க்வேக் ஆட்டத்தையோ இன்றும் சிலர் ஆடுகிறார்கள். அவர்களே இடம் அமைக்கிறார்கள்; ஏமாற்றுகிறவனை அவர்களே விலக்குகிறார்கள். மூடச் சொல்ல அங்கே எஜமானன் இல்லை.

எளியவனுக்குக் காவல் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிறர் கொடுத்த சமத்துவத்தைப் பிறர் எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதையே சொல்கிறேன். நாமே ஒருவருக்கொருவர் காத்துக்கொள்ளும் நேர்மைதான் நம்மோடு நிற்கும்.

ஏமாற்ற வழி தெரிந்திருந்தும், ஏமாற்றாமல் ஆடித் தோற்றுப்போன ஒருவன் அந்த வெட்டவெளியில் எங்கோ இருந்திருப்பான். வெற்றியாளர் பட்டியலில் அவன் பெயர் இராது. ஆனால் அவனைப் போன்றவர்களால்தான் அந்தக் களம் இன்னும் இருக்கிறது.