அம்மாவின் கால்கள்

"தம்பி, உனக்கு அலுப்பில்லையெண்டால் என்னை ஒருக்காக் கடைக்குக் கொண்டுபோய் விடுறியே?"

ஈஸ்ட் டாமாக்கிக்கு வந்தபின் அம்மா பழகிக்கொண்ட பேச்சு இது. ஊரில் அவர் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. விடியக் கோயிலுக்கு நடப்பார். வரும் வழியில் சந்தை. ஒழுங்கை முடக்கில் நாலு பேரோடு கதை. கால்கள் இன்னும் நன்றாகத்தான் இருக்கின்றன. நடந்து போய்ச்சேரத்தான் இங்கே இடமில்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு நெரிசலற்ற நேரத்தில் பஸ் இலவசம்; 2008 முதல் அரசு தரும் சலுகை. அம்மாவிடமும் அந்த அட்டை உண்டு. ஆனால் தே இரிராங்கி வீதியின் அகலத்தைக் கடந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போக அவருக்குப் பயம்.

ஒக்லாந்து எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1902 முதல் இங்கே மின்சார ட்ராம் ஓடியது. 1956 டிசம்பரில் கடைசி ட்ராமையும் நிறுத்தினார்கள். 1959இல் திறந்த துறைமுகப் பாலத்தில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் இடம் வைக்கவில்லை. அதே 1956இல்தான் எங்களுக்கு யாழ்தேவி வந்தது. 1990இல் போர் அதை நிறுத்தியது. யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வர 2014 ஆயிற்று. எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதை இந்த நகரம் தானாகவே கைவிட்டது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஓடியதைச் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோயாளியைச் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு உழக்கியவனுக்கு அது தண்டனை. வேறு வழியில்லாமல் செய்வதை எளிமை என்று புகழக்கூடாது. ஆனால் அதே அளவுகோலைக் காருக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். கார் இல்லாமல் பாலும் மருந்தும் வாங்க முடியாதென்றால் அதுவும் ஒருவிதத் தடைதான். ஓட்டுபவனுக்கு அது தெரிவதில்லை.

இவான் இல்லிச் 1974இல் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காருக்காக உழைக்கும் நேரத்தையும் சேர்த்தால் அமெரிக்கர் மணிக்கு ஐந்து மைல்கூடப் போவதில்லை என்றார். அதற்காக இரவு வேலைக்குத் தொழிற்சாலை போகிறவனிடம் காரை விடு என்று உபதேசிக்க எனக்கு வாயில்லை. நானும் அப்படிப் போனவன்தான். காரை விடுவதா, வைத்திருப்பதா என்பதைவிட, ஓட்ட முடியாதவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே என் கேள்வி. பன்மூர் ரயில் நிலையத்திலிருந்து பக்குரங்கா வரை பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை 2021இல் திறந்தது. அதைப் பொட்டனிவரை நீட்டுவது திட்டம். எங்கள் விருந்துகளிலோ, வீதி ஒடுங்குகிறது, கார் நிறுத்த இடமில்லை என்ற முணுமுணுப்புத்தான். அந்த நேரம் எங்கள் அம்மாமார் மூலையில் பேசாமல் இருப்பார்கள்.

ஒருநாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். "உனக்கேன் கரைச்சல்" என்றார். அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது சனிக்கிழமைகளில் இருவரும் பஸ்ஸில் போகிறோம். காரில் போவதைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது. இறங்க வேண்டிய இடம் வந்ததும் அம்மாவே மணியை அழுத்துகிறார். அவர் தனியாகப் போய்வரும் நாள் வரவேண்டுமென்றால், வீதியில் கொஞ்சம் இடத்தை என்னைப் போன்றவர்கள் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.