பொய்யாத வாக்கு

ச்ரிய:பதியான எம்பெருமானுடைய ஆயிரம் திருநாமங்களுள் 'ஸத்யஸந்தன்' என்பதும் ஒன்று. தன் ஸங்கல்பத்தையும் கொடுத்த வாக்கையும் ஒருபோதும் பொய்யாக்காதவன் என்பது அதன் திரண்ட பொருள். அத்தகைய பெருமானைச் சேவிக்க வரும் அடியார்களின் வாக்கும் மெய்யாயிருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும், பொய் என்பது யாது என்று ஆராய்ந்து தெளிந்தவர் சிலரே. உள்ளதை மறைத்து இல்லாததைச் சொல்வதே பொய் என்று உலகம் எண்ணியிருக்கிறது. பொய்யைக் குறிக்கும் சொற்களோ அதற்கு மேலும் சில பொருளை உணர்த்துகின்றன.

வடமொழி கற்கும் சிறுவர்க்கு முதலில் பாடம் சொல்லப்படுவது அமரகோசம். அந்நூல் உண்மைக்கு ஸத்யம், தத்யம், ருதம், ஸம்யக் என்னும் பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. அதற்கு மாறானதை விததம், அந்ருதம், ம்ருஷா, மித்யா என்னும் சொற்களால் குறிக்கிறது. தத்யமாவது உள்ளது உள்ளபடி இருப்பது. விததமாவது அவ்வாறு இல்லாதது. ருதமாவது ஞாயிறும் திங்களும் பருவங்களும் வழுவாது நடக்கும் ஒழுங்கு. அந்ருதமாவது அவ்வொழுங்கினின்றும் வழுவியது. ஆகவே பொய் என்பது நாவின் குற்றம் மட்டும் அன்று; நடையின் குற்றமும் ஆகும்.

தமிழோ இதனை இன்னும் எளிதாகக் காட்டித் தருகிறது. மரத்தின் உள்ளே விழுந்த பொந்துக்குப் 'பொய்' என்று ஒரு பெயர் உண்டு. வெளியே பட்டை தடித்திருக்கும். உள்ளே ஒன்றும் இராது. கருமேகம் திரண்டு இடித்தும் துளி விழாமற்போனால், 'மழை பொய்த்தது' என்கிறோம். மேகம் எவரிடமும் பொய்யுரை பேசவில்லை. வருவதாகக் காட்டி வாராமற்போயிற்று, அவ்வளவே. அதனை நம்பி விதைத்த உழவனுக்கு அதுவே பெரும் பொய்யாய் முடிந்தது. சொல்லும்போது மெய்யாயிருந்த சொல்லும், செய்யும் காலத்தில் செய்யப்படாவிடில் பொய்த்துப் போகும் என்பது இதனால் தேறும்.

சக்ரவர்த்தித் திருமகனார் திருவுள்ளம் இதில் எத்துணைக் கருத்தாயிருந்தது என்பதை ஸ்ரீராமாயணம் காட்டும். பதினான்கு ஆண்டு நிறைந்த மறுநாள் இராமபிரானைக் காணாவிடில் தீப்புகுவதாகச் சித்திரகூடத்தில் பரதாழ்வான் உறுதி கூறியிருந்தான். ஆண்டுகள் நிறைந்த அன்று பரத்வாஜ முனிவர் தம் ஆச்ரமத்தில் தங்கிச் செல்லுமாறு வேண்டவே, பெருமாள் திருவடியான அனுமனை நந்திக்கிராமத்துக்கு முன்னே அனுப்பி வைத்தார். இராவணனை வென்ற வீரருக்கும் ஒருநாள் தாமதம் அச்சம் தருவதாயிருந்தது. காலம் தவறிய வாக்கு பொய்த்த மழைக்கு ஒப்பானது அன்றோ!

இப்பொருளை உள்ளங்கை நெல்லிக்கனியாகக் காட்டுவது நம்பாடுவான் சரித்திரம். வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிச்செய்ததாக வராஹ புராணத்தில் அமைந்தது இது. கூரத்தாழ்வானின் திருக்குமாரரான பராசர பட்டர் இதற்கு வ்யாக்யானம் அருளினார். கார்த்திகை மாதத்துச் சுக்லபக்ஷ ஏகாதசியை ஒட்டித் திருவரங்கத்திலும் திருக்குறுங்குடியிலும் இப்புராணம் வாசிக்கப்படுகிறது. திருக்குறுங்குடியில் நலிந்திருந்த கைசிக நாடகமும் 1999ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்று நடைபெற்று வருகிறது.

மகேந்திரகிரியின் அடிவாரத்தில் உள்ளது திருக்குறுங்குடி. அவ்வூர் நம்பியை இரவெல்லாம் விழித்திருந்து பாடும் விரதம் பூண்டவர் நம்பாடுவான். உலகோர் தாழ்ந்ததென்று ஒதுக்கிய பாணர் குலத்தில் பிறந்தவராதலால், திருக்கோயிலுக்குப் புறம்பே நின்று பாடுவார். ஓர் ஏகாதசி இரவில் யாழும் கையுமாக அவர் வரும் வழியில் ஒரு பிரம்மராக்ஷஸன் பற்றிக்கொண்டான். "விரதத்தை முடித்துத் திரும்பி வருவேன்; அப்போது என்னை உண்பாயாக" என்றார் நம்பாடுவான். ராக்ஷஸன் நம்பவில்லை. அவர் பதினெட்டு ஆணைகள் இட்டார். திரும்பி வாராதொழிந்தால் இன்னின்ன பாவியரின் கதியை அடைவேன் என்பதே அவற்றின் வடிவம்.

அப்பாவியர் யார் யார் என்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். தானம் செய்த நிலத்தைத் திரும்பப் பறிப்பவன். பெண்ணைக் கொடுப்பதாகச் சொல்லிக் கொடாதவன். தருவதாகச் சொன்ன பொருளைத் தாராதவன். ஒருவன் இட்ட சோற்றை உண்டு அவனையே பழிப்பவன். தாகத்தால் வரும் பசுக்களைத் தண்ணீர்த் துறையில் தடுப்பவன். இவர்களுட் பலர் வாக்கைப் பொய்யாக்கியவர்களே! இறுதியில், ஸ்ரீமந் நாராயணனைப் பிற தெய்வங்களோடு ஒப்பாக எண்ணுபவனின் கதியை அடைவேன் என்று ஆணையிட்டபோதுதான் ராக்ஷஸன் கைவிட்டான்.

நம்பியின் ஸந்நிதியில் நம்பாடுவான் ஆர்வத்தோடு பாடினார். அவர் சேவிக்கும்படி கொடிமரமே விலகி நின்றது என்பது ஸ்தல ஐதிஹ்யம். பாடி முடித்ததும், வந்ததைக் காட்டிலும் விரைந்து ராக்ஷஸன் இருக்கும் இடம் நோக்கி நடந்தார். வழியில் ஒரு புருஷர் எதிர்ப்பட்டு, "அங்கே போகாதே, உயிருக்கு ஆபத்து நேரும்போது பொய் சொல்வது குற்றமன்று" என்று எடுத்துரைத்தார். வந்தவர் நம்பியே என்பர் பெரியோர். நம்பாடுவானோ, உயிர் போவதாயினும் ஸத்யத்தை விடேன் என்று மேலே நடந்தார். தமிழில் மெய் என்பது உண்மைக்கும் பெயர், உடலுக்கும் பெயர். ஒரு மெய்யைக் காப்பதற்காக மற்றொரு மெய்யைக் கொடுக்கத் துணிந்தார் அம்மஹானுபாவர்.

அவரைக் கண்ட ராக்ஷஸன் திகைத்தான். பசியை மறந்து, பாடிய பாட்டின் பலனைத் தருமாறு கெஞ்சினான். முன்பிறப்பில் அவன் ஸோமசர்மா என்னும் அந்தணன். யாகத்தை முறை தவறிச் செய்ததால் அந்நிலையை அடைந்தவன். வேதமந்திரம் ஓதிய நாவு பொய்த்துப்போயிற்று. வேதம் ஓதாத நாவு பொய்க்கவில்லை! "உடலைத் தருவதாகவே சொன்னேன், பாட்டின் பலனைத் தருவதாகச் சொல்லவில்லை" என்று முதலில் மறுத்த நம்பாடுவான், பின்னர் அவன் துயர் கண்டு இரங்கினார். கடைசியாகக் கைசிகப் பண்ணில் பாடிய ஒரு பாட்டின் பலனைக் கொடுத்தார். அந்தணன் சாபம் நீங்கி உய்ந்தான். அவனை உய்வித்தது பாட்டு. அப்பாட்டு அவனிடம் வந்து சேர்ந்ததோ வாக்குத் தவறாத இரண்டு கால்களால்.

இவ்வுலகமே பொய், இதில் கொடுத்த வாக்குக்கு என்ன மதிப்பு என்று வாதிப்பாரும் உளர். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அக்கொள்கையை மறுத்து, சேதனமும் அசேதனமுமான இவ்வுலகம் பகவானுக்குச் சரீரம் என்று ஸ்தாபித்தருளினார். உலகம் அவனுக்கு மெய் ஆனபடியால் மெய்யே. அதில் வாழும் ஒருவனுக்குக் கொடுத்த வாக்கை முறிப்பவன், அவனுக்கு அந்தர்யாமியாய் நிற்கும் எம்பெருமானுக்கே வாக்குத் தவறியவனாகிறான்.

திருவிழாவுக்கு வரும் அன்பர் பலர் ஏதேனும் ஒரு நேர்த்திக்கடனோடு வருகின்றனர். நோயுற்ற குழந்தையின் தலைமாட்டில் இருந்து வேண்டிக்கொண்டது, குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கியதும் மறந்துபோவது உண்டு. பெருமான் பொறுத்தருள்வான். உழைத்தவனுக்குக் கூலியை 'நாளை தருகிறேன்' என்பதும், உடன்பிறந்தானுக்குரிய பங்கைப் 'பார்க்கலாம்' என்று தள்ளுவதும், பெண் கொடுப்பதாகச் சொல்லிப் பின்வாங்குவதும் அவ்வாறு நீங்குவன அல்ல. அச்சொற்களில் பொய் வெளியே தெரிவதில்லை. மரத்துப் பொந்துபோல் உள்ளே இருக்கிறது. 'அடியேன்' என்று வாயாரச் சொல்லி, மனத்தில் தானே ஸ்வதந்திரன் என்று இருப்பதும் அவ்வகையதே. ஆசார்யர்கள் மிக அஞ்சிய பொய் இதுவே.

ஸந்நிதியில் கைகூப்பி நிற்கும்போது, கொடுத்து நிறைவேற்றாத வாக்கு ஒன்றையேனும் நினைவுகூர்தல் நன்று. திரும்பிச் செல்லும் வழியிலேயே அதை நிறைவேற்ற முற்பட்டால், அதுவே இத்திருவிழாவின் பலன். நம்பாடுவானைப் போல ராக்ஷஸனிடம் செல்ல வேண்டுவதில்லை. கடன்பட்டவன் வீட்டு வாசல்வரை சென்றாலே போதும். ஸத்யஸந்தனான எம்பெருமான், அடியார்கள் வாக்கும் மழையும் பொய்யாதிருக்கத் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபம்.