தம்பிக்குப் போடாத மருந்து

தம்பி பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுக் கிடந்த ஐந்து நாளும் ஐசியூ வாசலில் நான் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "பிரஷர் குறைஞ்சுதா சிஸ்டர்?"

மண்டையோடு விரியாத பெட்டி. மூளை, ரத்தம், மூளையைச் சுற்றியுள்ள திரவம் மூன்றுக்கும் அளவான இடம்தான் உள்ளே. மூளை வீங்கினால் மற்ற இரண்டும் கொஞ்சம் விலகிக்கொடுக்கும். அதற்கும் மேல் வீங்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். புது ரத்தம் உள்ளே போகத் திணறும். அவனுக்கு ஏற்றியது மானிடால். மாங்காயில் உப்புப் போட்டு வைத்தால் நீர் விடுமே, ஏறக்குறைய அந்த வேலைதான். ரத்தத்தில் நின்றபடி மூளையின் நீரை இழுக்கும்; சிறுநீரகம் அதை வெளியேற்றும். (குளிரில் பாட்டிலுக்குள்ளேயே கற்கண்டுபோல் படிந்துவிடுமாம்.) காயத்தை அது ஆற்றாது. சில மணி நேரம் வாங்கித் தரும்.

"வீக்கத்துக்கு ஸ்டீராய்டு போடலையா டாக்டர்?" என்றார் சித்தப்பா. பக்கத்து வீட்டு அம்மாவின் மூளைக் கட்டிக்குப் போட்டு, தலைவலி குறைந்ததாம்.

"கட்டிக்குப் போடுவோம் சார். அடிபட்ட தலைக்குப் போடறதில்ல."

ஏன் என்று பிறகு படித்தேன். முப்பது வருடங்களுக்கு மேல் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வீக்கம் வடிந்தால் நல்லதுதானே? 1999இல் தொடங்கிய 'கிராஷ்' ஆய்வு, 49 நாடுகளில் தலையில் அடிபட்டவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். 20,000 பேரைச் சேர்க்கத் திட்டம். 10,008 பேரோடு 2004 மே மாதம் நிறுத்திவிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள், ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9.

அந்தச் சீட்டுதான் என்னை உறுத்துகிறது. நினைவு தடுமாறிக் கிடந்தவர்களிடம் என்னவென்று சம்மதம் கேட்பது? என் தம்பியை வைத்துச் சீட்டுப் போடவா என்று யாராவது கேட்டிருந்தால் அடிக்கவே போயிருப்பேன். ஆனால் பெரும்பாலும் சீட்டுப் போடாமலே மருந்து ஏற்றிய அந்த முப்பது வருடங்கள் மட்டும் என்ன? அப்போதும் நடந்தது சோதனைதான். நல்ல மனதோடு, கணக்கு வைக்காமல் நடந்த சோதனை. அதில் போனவர்களை யாரும் எண்ணக்கூட இல்லை. எண்ணியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது, பாருங்கள்.

இன்று அந்தப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடவேண்டும் என்று புத்திக்குத் தெரிகிறது. தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன்.

"நீ போட்டிருக்க மாட்டண்ணே" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.