பள்ளி திறந்த நாளும் ஆசிரியர் அறமும்

2021 ஒக்டோபர் 21இல், 200 மாணவருக்குக் குறைந்த ஆரம்பப் பாடசாலைகளை இலங்கை அரசு திறந்தது. ஆசிரியர் பலர் வரவில்லை. 24 ஆண்டாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காக ஜூலை 12இல் அவர்கள் தொடங்கிய இணையவழிக் கற்பித்தல் புறக்கணிப்பு, அன்று நூறு நாட்களைக் கடந்திருந்தது. 25ஆம் திகதியே வகுப்புக்குத் திரும்பினர்.

குழந்தையைப் பணயம் வைப்பது அறமாகுமா? நம்மையும் உறுத்திய கேள்விதான் இது. ஆனால் குச்சவெளி போன்ற கரையோர ஊரில், கைபேசியில்லாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு இணையவழிப் பாடம் எப்படிப் போய்ச் சேரும்? அப்பிள்ளையை முதலில் கைவிட்டவர் யார்? சொந்தக் காசில் டேட்டா வாங்கிக் கற்பித்தவரா, வரவேட்டில் மட்டுமே ஆசிரியரைத் தேடும் நிருவாகமா?

எனினும், அந்த இரு நாட்களும் பூட்டிய வகுப்பறையைக் கண்டு திரும்பிய பிள்ளையிடம் இந்த வாதத்தைச் சொல்ல நமக்கு நா எழவில்லை.